காகிதச் சாட்சிகள்

நுழையும்முன்

வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டும் வாழ்வதில்லை. தீப்பெட்டியின் மேலொட்டிலும் திரைப்படப் பாட்டுப்புத்தகத்திலும் தொடர்வண்டிப் பயணச்சீட்டிலும் விளையாட்டு வீரரின் படம் அச்சிட்ட சிறிய அட்டையிலும் அது வாழ்கிறது. பயன் முடிந்ததும் எறியப்படும் இத்தாள்களை எடுத்துவைத்தவர்களால் இழக்க இருந்த செய்திகள் பல நமக்குக் கிடைத்துள்ளன. சேர்ப்பது எளிது, சேர்த்ததைக் காப்பதே அரிது. அக்கலையின் அடிப்படைகளை இப்பாடம் விளக்குகிறது.

பூட்டிய அறை

தில்லை என வழங்கும் சிதம்பரத்தோடு இணைந்த செய்தி ஒன்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. மூவர் பாடிய தேவாரப் பதிகங்களைத் தேடிய சோழவேந்தன், கடலூர் மாவட்டத்துத் திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பியின் துணையோடு தில்லைக் கோயிலில் பூட்டிக்கிடந்த அறை ஒன்றைத் திறக்கச் செய்தான். உள்ளே சுவடிகள் இருந்தன. அவற்றைக் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கியபோது செல்லரித்தவை போக எஞ்சியவையே கைக்கு வந்தன. இன்று நாம் ஓதும் தேவாரம் ஏறத்தாழ 800 பதிகங்களே.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. அந்த ஏடுகளை எவரும் எறிந்துவிடவில்லை, எரித்துவிடவுமில்லை. மதிப்புமிக்கவை என்று கருதியே பூட்டிவைத்தனர். ஆயினும் அவை அழிந்தன. பூட்டிவைத்தல் வேறு, காத்தல் வேறு. காலந்தோறும் எடுத்துப் பார்ப்பதும் தூய்மை செய்வதும் படியெடுப்பதும் இல்லாத இடத்தில் பெட்டியும் பூட்டும் பயன் தருவதில்லை.

மதிப்பை அறியாமல் அழித்தவையும் உண்டு. ஏட்டுச்சுவடிகள் ஆற்று வெள்ளத்தில் விடப்பட்டதையும் தீயில் இடப்பட்டதையும் அறிந்து உ.வே. சாமிநாதையர் வருந்திய செய்திகளை அவர்தம் ‘என் சரித்திரம்’ கூறுகிறது. ஊர் ஊராகச் சென்று சுவடி தேடிய அப்பெருமகனார் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். அவர் காலத்தில் ஓலைக்கு நேர்ந்த நிலைமை இன்று காகிதத்துக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது.

அட்டையின் கதை

நூல்களை நூலகங்கள் காக்கின்றன. ஆவணங்களை அரசு காக்கிறது. ஆனால், ஒருநாள் அல்லது ஒரு வாரப் பயனுக்கென்றே அச்சிடப்படும் துண்டறிக்கை, நாடக விளம்பரம், திருமண அழைப்பிதழ், பயணச்சீட்டு, வணிகப் பொருளின் மேலொட்டு ஆகிய சிறு அச்சுத்தாள்களைக் காப்பவர் யார்? பெரும்பாலும் தனிமனிதரே. அவருள்ளும் உலகெங்கும் பெருகியிருப்போர், விளையாட்டு வீரரின் படஅட்டைகளைச் சேர்ப்போர் ஆவர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட் பொட்டலம் நசுங்காதிருப்பதற்காக அதனுள் ஒரு தடித்த அட்டைத்துண்டு வைக்கப்பட்டது. வெற்று அட்டையில் படம் அச்சிட்டால் விற்பனை பெருகும் என வணிகர் கண்டனர். அமெரிக்காவில் பேஸ்பால் வீரரும் இங்கிலாந்தில் மட்டைப்பந்து வீரரும் அவ்வட்டைகளில் இடம்பெற்றனர். இந்தியாவில் பிறந்து இங்கிலாந்து அணிக்காக ஆடிய இரஞ்சித்சிங்ஜியின் உருவமும் அவற்றில் உண்டு. புகையிலை விற்கப் பிறந்த அட்டை, பின்னர்ச் சிறுவருக்கான மெல்லும் இனிப்போடு சேர்ந்து வந்தது. நம் நாட்டிலும் 1980களிலும் 1990களிலும் வளர்ந்த சிறுவர்கள் பபிள்கம்முடன் கிடைத்த மட்டைப்பந்து வீரர் படங்களைத் தேடித்தேடிச் சேர்த்தனர்.

1952ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் பேஸ்பால் அட்டைத் தொகுதி ஒன்றை வெளியிட்டது. அதில் விற்காமல் தேங்கியவற்றை 1960ஆம் ஆண்டில் படகிலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அதனை உருவாக்கிய சை பெர்கர் பின்னாளில் கூறினார். வைக்க இடமில்லை, வாங்க ஆளுமில்லை. அதே தொகுதியைச் சேர்ந்த மிக்கி மேண்டில் என்னும் வீரரின் அட்டை ஒன்று 2022ஆம் ஆண்டு 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கடலில் கொட்டியவர் அறிவற்றவர் அல்லர். அன்று அது விற்காத சரக்கு, அவ்வளவே. ஒரு தாளின் மதிப்பு அது அச்சான நாளில் தெரிவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

அந்த அட்டைக்கு அத்துணை விலை கிடைத்தது அதன் அருமையால் மட்டுமன்று. அது கெடாதிருந்த நிலைமையாலும்தான். அட்டையின் மூலைகள் மழுங்காமை, விளிம்புகள் சிதையாமை, மேற்பரப்பில் கீறலும் கறையும் இல்லாமை, படம் நடுவில் அமைந்திருத்தல் ஆகிய 4 கூறுகளைக் கொண்டு நிலைமையை மதிப்பிடுவர். மூலை மடிந்த அதே அட்டை, நன்னிலையில் உள்ளதன் விலையில் மிகச்சிறு பங்கே பெறும். இந்நான்கனுள் முதல் மூன்றும் காப்பவரின் கையில் உள்ளவை.

விலையும் மதிப்பும்

விலை வேறு, மதிப்பு வேறு. இதனைத் தம் வாழ்க்கையால் காட்டியவர் ஜெஃபர்சன் பர்டிக். அமெரிக்காவின் சிரகியூஸ் நகரைச் சேர்ந்த தொழிற்சாலைத் தொழிலாளர் அவர். மூட்டுவாத நோயால் துன்புற்றவர். செல்வர் அல்லர். எனினும் விளையாட்டு அட்டை, வணிக அட்டை, அஞ்சலட்டை என 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு அச்சுத்தாள்களைத் திரட்டினார். அவற்றை வகைப்படுத்தி எண்ணிட்டு அட்டவணை ஒன்றையும் வெளியிட்டார். 1909 முதல் 1911 வரை வெளிவந்த புகழ்பெற்ற அட்டைத் தொகுதியை இன்று உலகமே ‘டி206’ என்று குறிப்பிடுகிறது. அது பர்டிக் இட்ட எண்ணே.

தம் தொகுப்பு முழுவதையும் அவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கினார். நோயால் முடங்கிய விரல்களைக் கொண்டே பல ஆண்டுகள் அங்குச் சென்று தாள்களை ஒவ்வொன்றாகத் தொகைநூல்களில் பொருத்தினார். 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணி நிறைவுற்றது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அவர் மறைந்தார். எறியப்பட்ட தாள்கள் ஆய்வாளர் தேடிவரும் கருவூலமாயின.

கோட்டையூரில் ஒரு கருவூலம்

நம் தமிழ்நாட்டிலும் அத்தகையவர் வாழ்ந்தார். காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்கள், இதழ்கள் ஆகியவற்றோடு நாடக அறிவிப்பு, துண்டறிக்கை, அழைப்பிதழ், மடல் என எவரும் பொருட்படுத்தாதவற்றையும் சேர்த்தார். அவர் 1992ஆம் ஆண்டு மறைந்தபோது அத்தொகுப்பு ஏறத்தாழ 1 இலட்சம் உருப்படிகளாக வளர்ந்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை வாங்கியது. ஆனால், அயல்நாட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. 1994ஆம் ஆண்டு சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அது தமிழ் மண்ணிலேயே நிலைபெற்றது. தாள்கள் தூய்மை செய்யப்பட்டு நுண்படமாக எடுக்கப்பட்டன. தனிமனிதரின் ஆர்வம் பொதுச்சொத்தாக மாறிய வழி இதுவே. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா நூலகமும் இவ்வழியில் வந்ததே.

இவற்றால் விளைந்த பயன் என்ன? தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று அதன் படச்சுருள் கிடைப்பதில்லை. தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவற்றின் நிலை இதுவே. ஆனால், திரையரங்கு வாயிலில் விற்ற பாட்டுப்புத்தகங்கள் சில வீடுகளில் தங்கின. பாடல்கள், கதைச்சுருக்கம், நடிகர் பெயர்கள் ஆகியவற்றை அவை ஏந்தியிருந்தன. படம் போயிற்று, பாட்டுப்புத்தகம் சாட்சி சொல்கிறது. திரைச்செய்திகளையும் படங்களையும் வாழ்நாள் முழுவதும் திரட்டிய பிலிம் நியூஸ் ஆனந்தனின் தொகுப்பைத் தமிழ்நாடு அரசு பெற்றுக்கொண்டது.

இலக்கியத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906ஆம் ஆண்டு பிறந்த புதுமைப்பித்தன், தம் கதைகள் பலவற்றை ‘மணிக்கொடி’ முதலிய இதழ்களில் எழுதினார். அக்கதைகளின் பிழையற்ற பாடத்தையும் அவை முதலில் வெளிவந்த காலத்தையும் அறிய அவ்விதழ்களே துணை. ஆ.இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ நூலைப் பதிப்பித்தபோது பழைய இதழ்கள் சான்றுகளாக நின்றன. எவரோ ஒருவர் பரணில் அவற்றை விட்டுவைத்ததன் பயனை நாம் துய்க்கிறோம்.

தாள் ஏன் அழிகிறது?

காகிதத்தின் முதற்பகை அதனுள்ளேயே இருக்கிறது. மலிவான தாள் மரக்கூழால் ஆனது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் படப்பட மஞ்சளாகிறது. தாளில் மை பரவாதிருக்கச் சேர்த்த படிகாரம் நாளடைவில் அமிலத்தன்மையை உண்டாக்குகிறது. அமிலம் இழைகளை அறுக்கிறது. பழைய செய்தித்தாளை மடித்தால் அது மடிப்பில் ஒடிவது இதனால்தான்.

ஏனைய பகைகள் புறத்தே உள்ளவை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அவை கூடுதல் வலிமை பெறுகின்றன. கடற்காற்றின் ஈரம் தாளை ஊறவைக்கிறது. கோடை அதனை உலர்த்துகிறது. ஊறலும் உலர்தலுமாக மாறிமாறி நேரும்போது அட்டை வளைந்து படலம் படலமாகப் பிரிகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கிறது. காற்றிலுள்ள உப்பு, தாளில் குத்திய இரும்பு ஊசியைத் துருப்பிடிக்கச் செய்து செங்கறை படியவைக்கிறது. இராமபாணப் பூச்சி பசையையும் மாவுப்பொருளையும் நாடி வந்து மேற்பரப்பைச் சுரண்டுகிறது. கரையான் அனைத்தையும் உண்கிறது.

இவற்றோடு பேரிடரும் உண்டு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2011ஆம் ஆண்டின் தானே புயல், 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ஆகியவற்றைக் கண்ட மாவட்டம் கடலூர். வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குத் திரும்புவோர் முதலில் தேடுவன குடும்ப அட்டை, சான்றிதழ், ஒளிப்படம் ஆகியவையே. ஆதலால், தாளைக் காக்கும் அறிவு பொழுதுபோக்குச் சேகரிப்பாளர்க்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவையானது.

தெரியுமா?

கடைகளிலும் பணம் வழங்கும் இயந்திரங்களிலும் இன்று தரப்படும் சீட்டுகள் பலவற்றில் மையே கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் வேதிப்பூச்சு அத்தாளில் உள்ளது. வெப்பத்தாலும் ஒளியாலும் சில நெகிழிகளின் தொடுகையாலும் அவ்வெழுத்து மங்கி மறையும். நூறாண்டுக்கு முன் அச்சான தீப்பெட்டி மேலொட்டு இன்றும் வண்ணத்தோடு இருக்க, சென்ற ஆண்டின் சீட்டு வெற்றுத்தாளாகிவிடுவது இதனால்தான். இத்தகைய சீட்டுகளை உடனே படியெடுத்து வைத்தல் வேண்டும்.

காக்கும் முறைகள்

தாள் காப்போர் போற்றும் முதன்மைக் கோட்பாடு ஒன்றுண்டு: பின்னர் நீக்க இயலாத எதனையும் தாளுக்குச் செய்யாதே. இக்கோட்பாட்டை நினைவில் நிறுத்தினால் பல தவறுகளைத் தவிர்க்கலாம். கிழிசலை ஒட்டும் செல்லோ டேப் சில ஆண்டுகளில் பழுத்து, நீங்காத கறையைத் தரும். வெப்பத்தால் உருகி ஒட்டும் லேமினேஷன் பாதுகாப்புப் போலத் தோன்றினும் தாளையும் நெகிழியையும் பிரிக்க இயலாதவாறு செய்துவிடும். பசையிட்டுக் குறிப்பேட்டில் ஒட்டுவதும் அத்தகையதே. இரப்பர் வளையம் விளிம்பை அறுக்கும். வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும்.

கையாளும் முன் கைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். அட்டையை விளிம்புகளில் பற்றுதல் வேண்டும். படத்தின்மேல் விரல் படலாகாது. ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையிலிடுதல் நன்று. பிவிசி நெகிழி காலப்போக்கில் அமில ஆவியை வெளியிடுவதால் அதனை விலக்கி, பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையைக் கொள்ள வேண்டும். உறை கிடைக்காவிடில் அமிலமற்ற வெள்ளைத்தாளை இடையிடையே வைக்கலாம். செய்தித்தாளில் பொதிந்தால் அதன் அமிலம் உள்ளிருக்கும் தாளுக்கும் பரவும்.

வைக்குமிடம் வெயில் படாததாகவும் தரையினின்று உயர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் சூடேறும் பரணும் ஆகா. வீட்டின் உள்ளறையில் சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளிவைத்த இரும்புப் பீரோ ஏற்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளைத் துணிப்பையில் இட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம். நம் முன்னோர் சுவடிக்கட்டுகளோடு வசம்பையும் வேப்பிலையையும் வைத்துப் பூச்சிகளை விலக்கினர். அவற்றை இன்றும் பயன்படுத்தலாம்; நன்கு உலர்த்தித் துணியில் முடிந்து, தாளைத் தொடாதவாறு வைக்க வேண்டும். இவையனைத்தினும் மேலானது, திங்களுக்கொரு முறை திறந்து பார்த்தல். தில்லையின் அறையில் நிகழாமற்போனது அதுவே.

நனைந்த தாளைக் காத்தல்

வெள்ளத்தில் தாள் நனைந்துவிட்டால் காலம் தாழ்த்தலாகாது. ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பூஞ்சை தலைகாட்டத் தொடங்கும். நனைந்த தாள் வலுவிழந்திருக்கும். ஆதலால், கீழே ஓர் அட்டையைச் செருகித் தாங்கியவாறே எடுக்க வேண்டும். சேற்றைத் தேய்க்காமல், தூய நீரால் மெல்ல அலசலாம்; நீரில் கரையும் மையால் எழுதியதாயின் அலசுதல் கூடாது. பின்னர், எழுத்தில்லாத வெள்ளைத்தாள் அல்லது பருத்தித்துணிமேல் பரப்பி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் தாள் சுருளும், வண்ணம் வெளிறும். ஒளிப்படங்களும் வழவழப்பான அட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உலர்ந்தால் பிரிக்க இயலாது ஒட்டிவிடும். அவற்றை ஈரமாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். உடனே உலர்த்த வாய்ப்பில்லையெனில் நெகிழிப்பையில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைக்கலாம். அது பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்து, நமக்குக் காலம் ஈட்டித்தரும்.

குறிப்பே உயிர்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அளிக்கப்பட்ட பழைய அட்டைப் பயணச்சீட்டு ஒன்று கிடைத்ததாகக் கொள்வோம். விழுப்புரம்–மயிலாடுதுறைத் தடம் மீட்டர் பாதையாக இருந்த காலத்துச் சீட்டு அது. அத்தடம் அகலப்பாதையாகி 2010ஆம் ஆண்டில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. பழைய வழித்தடம் இன்றில்லை, சீட்டு இருக்கிறது. அதில் ஊரும் கட்டணமும் நாளும் உள்ளன. பயணம் செய்தவர் யார், எதற்காகச் சென்றார் என்பது சீட்டில் இல்லை. அது அவரின் நினைவில் உள்ளது. அவரைக் கேட்டு எழுதிவைக்காவிடில் அச்செய்தி அவரோடு மறைந்துவிடும்.

எனவே, ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் தந்து, எது, எங்கு, எப்போது, எவரிடமிருந்து கிடைத்தது, அவர் கூறிய செய்தி யாது என்பனவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தாளின்மீது எழுதலாகாது. பின்னர் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் மின்படியெடுத்து, அதே எண்ணைப் பெயராக இட்டு, வெவ்வேறான 2 இடங்களில் சேமிக்க வேண்டும். மின்படி மூலத்துக்கு மாற்றன்று. ஆயினும் மூலம் அழிய நேர்ந்தால் அதுவே எஞ்சும்.

சேகரிப்போர்க்கு அறமும் வேண்டும். நூலகத்து இதழிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தெடுப்பவர் சேகரிப்பாளர் அல்லர், அழிப்பவர். பிறர் வீட்டுத் தாளை அவர்தம் இசைவின்றிப் பெறுவதும், அவர்தம் குடும்பச் செய்தியை இசைவின்றி வெளியிடுவதும் தவறு. மூலத்தைத் தர விரும்பாதவரிடம் படியை மட்டும் பெற்றுக்கொள்வதே பண்பு.

நம் வீட்டுப் பரண்களில் எத்தனையோ தாள்கள் கிடக்கின்றன. தாத்தாவின் பயணச்சீட்டு, பாட்டி சேர்த்த பாட்டுப்புத்தகம், சிவகாசியில் அச்சாகி வந்த தீப்பெட்டியின் மேலொட்டு, சிற்றப்பா விளையாடிச் சேர்த்த வீரர் படங்கள் ஆகியவை பழைய தாள் வாங்குவோரின் எடைத்தட்டில் சில உரூபாயே பெறும். அவற்றுள் எவை நாளை வரலாறாகும் என இன்று எவராலும் சொல்ல இயலாது. கடலில் கொட்டியவருக்கும் அது தெரியவில்லை. கோட்டையூர் ஓவியருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு ஒன்றே: ஒருவர் எறிந்தார், மற்றவர் எடுத்துவைத்தார். எடுத்துவைத்தவரின் பக்கம் நிற்போம். வைத்ததைப் பூட்டிவிட்டு மறந்துவிடாமலும் இருப்போம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய அச்சுத்தாள் ஒன்றைத் தேர்ந்து, அதைப் பற்றி வீட்டுப் பெரியவர் கூறும் செய்திகளைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘பூட்டிவைத்தல் வேறு, காத்தல் வேறு’ – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி விளக்குக.

3. மழைக்காலத்தில் உங்கள் வீட்டுச் சான்றிதழ்களையும் ஒளிப்படங்களையும் காப்பதற்குரிய திட்டம் ஒன்றை வகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.